சவரிநாதன் கண்ட சிலுவை

சவரிநாதனுக்கு ஒரு சிலையைச் சும்மா பார்க்கத் தெரியாது. ராயபுரத்தில் பிறந்து, பதினாறு வயதில் துறைமுக வேலைக்கு வந்தவன். எந்தச் சிலையைக் கண்டாலும் அதற்குள் யாரோ வேதத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பான். குதிரைமேல் உட்கார்ந்த துரையின் கடிவாளத்தில் ஜெபமாலை முடிச்சு இருக்கிறதாம். பொன்னுரங்கம் ஆகிய நான், பத்து வருஷமாக இதையெல்லாம் கேட்டுக் காது புளித்தவன்.

அறுபத்தொன்பதில் கடற்கரை உழைப்பாளர் சிலையைப் பிடித்துக்கொண்டான். நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள் அல்லவா? அது ஏசுவின் கல்லறையை மூடிய கல்லாம். நாலு பேரும் சுவிசேஷம் எழுதிய நாலு பேராம்.

"தடியில சிலுவ கீது மாமு. பஸ்ல போசொல்லோ என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றான்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவன் வேலை அப்படி. கப்பலின் மேல்தட்டில் நின்று, சுமை தூக்கி இறக்கும் விஞ்சு யந்திரத்தை ஓட்டுபவனுக்குக் கை காட்டுவான். கீழே, கப்பல் வயிற்றுக்குள் இருக்கும் கிடங்கில் நாங்கள். அவன் கை இறங்கினால் எங்கள் தலைக்கு மேல் இரும்புக் கட்டு இறங்கும்.

"இல்லாத சிலுவ தெரியிற கண்ணுக்கு, கீழ கீற என் மண்ட தெரியுமா?" என்று கேட்டான் ரஷீது. எங்கள் கேங்கில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போய்ப் பார்ப்பது, சிலுவை இல்லையென்றால் சவரிநாதன் கீழே இறங்கி மூட்டை தூக்குவது என்று முடிவானது. பன்னிரண்டு வருஷம் கை காட்டியவன்.

அவனோ பூசை முடிந்து, சலவைச் சட்டையில் துள்ளிக்கொண்டு வந்தான். சாலையோரத்தில் ஒரு இடம் பார்த்து எங்களை நிறுத்தினான்.

"இங்க நின்னு, தலய லேசா சாச்சிக்க."

சாய்த்தோம். அட, தெரிந்தது! நெட்டாக ஒன்று, குறுக்கே தடி. முருகனைக் கும்பிடுகிற எனக்கே புல்லரித்துவிட்டது. "ஆமாம்பா" என்றான் ரஷீது, வாயைப் பிளந்துகொண்டு. சவரிநாதன் அவனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

சவரிநாதனிடம் ஒரு பழக்கம் உண்டு. சுமையை இறக்கக் கை காட்டுமுன், கிடங்கு வாயின் அந்தப் பக்கமும் போய் ஒருமுறை கீழே பார்ப்பான். ஒருநாளும் தவறியதில்லை. அன்றும் கால் தானாக நடந்தது. நாங்கள் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது, சிலையைச் சுற்றிப்போய்த் திரும்பி வந்தான். முகம் செத்திருந்தது.

"சிலுவ இல்லபா. பின்னால வெளக்குக் கம்பம் கீது. இங்க நின்னா தடியோட சேந்து தெரியுது."

எனக்கு வந்ததே ஆத்திரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பான். "உன்ன யாருடா போய்ப் பாக்கச் சொன்னது?" என்றேன்.

"கம்பம்னா கம்பம்தான் மாமு."

திங்கட்கிழமை காலையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, கிடங்கு ஏணிப் பக்கம் எங்களோடு வந்து நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரஷீது துண்டை உருவி அவன் தோளில் போட்டான்.

"மேல போ."

"நான்தான் தோத்துட்டேனே."

"நாங்கல்லாம் சிலுவன்னு சொன்னோம். இல்லன்னு சொன்னது நீ. மேல போபா, கப்பல் காத்துகினு கீது."

ஏணியில் முதலில் இறங்கியதும் ரஷீதுதான். சுமை இறங்கும்போது கிடங்கில் நிற்பவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம், அது தரையைத் தொடும்வரை. முதல் இரும்புக் கட்டு வந்தபோது ரஷீது மேலே பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான்.