பாதித் தள்ளுபடி

என் அலுவலக மேசைக்கு ஒருமுறை பறங்கிக்காய் ஒன்று வந்தது. 2009, மார்ச் முடிந்திருந்த நேரம். இருசக்கர வண்டிக் கடன் தரும் ஒரு கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் கிளைக்கு நான் மேலாளர். கொண்டுவந்தவர், இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலைப் பையன்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்த ஓர் அம்மாள். அங்கே குடியிருந்த தென்காசிப் பையனுக்கு உள்ளூர் முகவரி இல்லாததால், அவனுடைய வண்டிக் கடனுக்கு அவரை ஜாமீன் கையெழுத்துப் போட வைத்திருந்தோம். ஆட்குறைப்பில் வேலை போனதும் அவன் வண்டியோடு மறைந்தான். கடன் அவர் தலையில் விழுந்தது.

அவர் தட்டிக்கழித்திருந்தால்கூட இப்போது என்மேலேயே எனக்கு இத்தனை ஆத்திரம் வராது. "ஓடுனவன் ஓடிப்பூட்டான். வாடக வர வர நான் மொத்தமும் கட்டிர்றேன் சார், கொஞ்சம் டைம் குடு" என்றுதான் கேட்டார். எனக்கோ மார்ச் முடிவதற்குள் வராக்கடன் கணக்கு குறைய வேண்டும். "பாதி கட்டுங்கம்மா, மீதி தள்ளுபடி. இன்னியோட முடிஞ்சுது" என்றேன். அன்றோடு அது முடிந்துவிடாது என்று எனக்குத் தெரியும். முழுதும் கட்டாமல் பாதியில் பேசித் தீர்த்தவர் என்று அவருடைய கடன் வரலாற்றில் ஏறும்; ஏழு வருடம் அழியாது. சொன்னால் தள்ளுபடியே வேண்டாம் என்பார். அதனால்தான் சொல்லவில்லை. தன் வீட்டுக் கூரையில் காய்த்தது என்று அவர் நன்றியோடு வைத்துவிட்டுப் போனதை எங்கள் வீட்டில் கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

2014-இல், ஓய்வுபெற்று குன்றத்தூரில் இருந்த என்னைத் தேடி வந்தார். மகளுக்குத் தண்டலம் பக்கம் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. தகப்பன் இல்லாத பெண். கல்விக் கடனுக்குத் தாய்தான் கையெழுத்திட வேண்டும். வங்கி மறுத்துவிட்டது.

"எம்பேர்ல இன்னாவோ கீதாம் சார். நீதான் அன்னிக்கே முடிச்சுட்டியே, அவங்க கையில ஒரு வார்த்த சொல்லேன்." பையிலிருந்து பறங்கிக்காயை எடுத்து வைத்தார். "போன தபா குடுத்தது நல்லாருந்துச்சா? ஒண்ணுமே சொல்லலியே நீ."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதிவு இன்னும் இரண்டு வருடம் இருக்கும் என்றேன். மீதியைக் கட்டித் திருத்தவும் மாதக்கணக்கில் ஆகும். கல்லூரியில் பணம் கட்ட அந்த வாரம்தான் கடைசி. நானே தருகிறேன் என்றேன்.

"கட்றேன்னு தான நான் சொன்னேன்? நீதான வாணான்ன?" அவர் குரல் உயரவில்லை. "உன் துட்டு வேற எனக்கு எதுக்கு? நீ பண்ண தள்ளுபடியே போதும்."

பறங்கிக்காயை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பெண் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் பெயரில் ஏறியது இதற்குள் அழிந்திருக்கும். என் பெயரில் எங்கும் எதுவும் ஏறவே இல்லை. என் பேரனின் கல்விக் கடனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். வங்கியில் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். நாங்கள் தின்ற பறங்கிக்காய்க்கும் யாரும் கணக்குக் கேட்கவில்லை.