ஊர்ப் பேச்சுக்குப் பயந்த மாதங்கள்

கார் திருப்பதியை நெருங்கியபோது என் மாமியார் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முனகினார். "எங்கம்மே இட்டுக்கினு போறே?" என்றார். "ஆஸ்பத்திரிக்கு, அத்தே" என்றேன். அது பாதி உண்மை. கர்ப்பப்பைப் புற்றுநோய் முதுகெலும்புவரை பரவிவிட்டது, இனி குணமாக்க வழியில்லை என்று பெரிய மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போனது, வலியைத் தணித்துக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்கு. அங்கே சேர்க்கச் சொல்லி மருத்துவர் மழைக்காலத்திலேயே சொன்னார். கோடைவரை தள்ளிப்போட்டவள் நான்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துப் பக்கம். கணவர் குவைத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தடா அருகே கம்பெனியில் ஷிப்டு வேலை. இல்லத்தில் சேர்த்தால், 'மருமவ கெழவிய கொண்டும்போயி தள்ளிட்டா' என்பார்களே என்று வீட்டிலேயே வைத்திருந்தேன். காய்ச்சல் மாத்திரைதான் கொடுத்தேன். அவர் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கத்துவார். ஒரு காலையில் என் கையைப் பிடித்து, "என்ன கொன்னுடும்மே" என்று கெஞ்சினார். அன்றுதான் கார் பேசினேன்.

இல்லத்து நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்து, "நொப்பி எக்கடம்மா?" என்று, வலி எங்கே என்பதைத் தெலுங்கில் நிதானமாகக் கேட்டார். இத்தனை மாதத்தில் நான் அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. மார்ஃபின் கொடுத்தார்கள். மறுநாள் அத்தை எழுந்து உட்கார்ந்து, "கருவாட்டுக் கொழம்பு இருந்தா துன்னலாம்" என்றார்.

கணவர் போனில் கத்தினார்: "எங்கம்மாவ அனாத மாதிரி வுட்டுட்டு வந்துட்டியா?" ஊரும் பேசியது. தாங்கமுடியாமல், அத்தையைத் திரும்பக் கூட்டிவரப் போனேன். அவர் கட்டிலை விட்டு அசையவில்லை.

"யாருக்காவ இட்டுக்கினு போறே? எனக்காவவா, ஊருக்காவவா?"

அவரே மகனுக்குப் போன் போடச் சொன்னார். "டேய், இங்க வலிக்கல. துன்றேன், தூங்கறேன். அவள ஏசாதே. என்ன பாக்கணும்னா கெளம்பி வா."

கணவர் வந்தார். தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு தினமும் அவரே ஊட்டிவிட்டார். ஒரு பிற்பகலில், நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார்.

இல்லத்தில் சேர்த்ததற்காக ஊர் என்னை இன்னும் குறை சொல்கிறது. அது எனக்கு உறைப்பதில்லை. அத்தை வலியில் கத்திய மாதங்களில் இதே ஊர் என்னைத் தங்கமான மருமகள் என்றது. எனக்கு அது பிடித்திருந்தது.