நகம் இறங்கும் ரப்பர்

ரப்பரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன ஐப்பசி வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

சுரங்கத்தில் எனக்கு கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓயாமல் ஓடும் பெல்ட் எங்காவது கிழிந்தால், கிழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ரப்பரைச் சூடாக்கி ஒட்டி ஜாயிண்ட் போடுவோம். புது பெல்ட் வந்து இறங்கியதும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பது எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தாலும் நகம் வைக்காமல் யாரும் வாங்கி வைக்கமாட்டோம். நகம் இறங்கினால் மட்டமான ரப்பர். இறங்காவிட்டால் நல்ல ரப்பர். கல்லும் மண்ணும் வந்து விழுகிற இடத்தில் தேயாமல் கிடப்பதுதான் பெல்ட்டுக்கு அழகு. இருபது வருடமாக இந்த நகத்தை நம்பித்தான் பிழைக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆள், செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். தரையோடு தாழ்ந்த வண்டி. டர்போ எஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். டவுன்ஷிப்பில் பத்தடிக்கு ஒரு வேகத்தடை இருக்கும்போது இந்த வண்டி எதற்கு என்று எங்கள் பிளாக்கில் கேட்காதவர் இல்லை. என் மனைவி மட்டும் கேட்கவில்லை. அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர், பொதுவாக எதையும் கேட்காமல் விடுகிறவள் அல்ல. ஆனால் டர்போ விசிலடிக்கும்போது அவளும் புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். என்னுடைய வார விடுப்பு எந்தக் கிழமை வந்தாலும் சாயங்காலம் இரண்டு பேரும் கம்மாபுரத்தில் இருக்கும் அவளுடைய அம்மா வீட்டுக்கு அந்தக் காரில் போவோம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த வாரத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்காது.

வண்டியோடு வந்த டயர்கள் வழுக்கையாகிவிட்டன. வடலூரில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. அவர் என் வண்டியைச் சுற்றி வந்தார், ஓட்டுநர் கதவைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருந்த அளவுச் சீட்டைப் படித்தார், பிறகு ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த வண்டிக்கு இதான் சார். மழைல நல்லா புடிக்கும்."

நான் நகத்தை வைத்தேன். இறங்கியது.

"பாய், நகம் உள்ள போவுது. இது மட்டமான ரப்பர்."

"சார், அது அப்படித்தாங்க இருக்கணும்."

"இருபது வருஷமா ரப்பர்லதான் பாய் குடும்பம் நடத்தறேன்."

கடையின் சந்து பொந்தெல்லாம் தேடி நகம் இறங்காத ஒரு செட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். அதன் பக்கவாட்டில் தேய்மானத்துக்கான எண் பெரிதாகப் போட்டிருந்தது. எண் பெரிதானால் நாள்பட உழைக்கும் என்று அர்த்தம். எனக்கு ஏகக் குஷி. பாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மாட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இதெல்லாம் பெர்மனன்ட். அவர் காட்டினது கான்ட்ராக்ட்" என்று பீற்றிக்கொண்டேன். பெர்மனன்ட் வேலைக்கு எல்லாரும் ஏங்கும் சுரங்கத்து ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மூன்றாவது வாரம் மழை வந்தது. கம்மாபுரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மாமியார் கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பு ஒரு தூக்கில் மனைவியின் மடியில் இருந்தது. முதல் மழைக்கு எங்கள் சாலைகள் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், படிந்த தூசியெல்லாம் சேறாகிச் சோப்பு போட்டதுபோல் ஆகிவிடும். டவுன்ஷிப் ரவுண்டானாவில் திரும்பும்போது என் கால் கொஞ்சம் அழுந்தியது. கொஞ்சம்தான். பின்பக்கம் எங்கேயோ கிளம்பிப் போவதை முதுகில் உணர்ந்தேன். அடுத்த கணம் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. வழுக்காமல் காக்க வேண்டிய எலக்ட்ரானிக் சாமான்களின் விளக்குகள் எல்லாம் மினுக் மினுக்கென்று எரிந்தன. டயர் சாலையைப் பிடிக்காதபோது அவை மட்டும் என்ன செய்யும்?

யாருக்கும் அடி இல்லை. எதிரில் வண்டி ஏதும் வராதது எங்கள் நல்ல நேரம். வத்தக்குழம்பு முழுவதும் அவள் புடவையில். தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள், குடையை விரித்தாள், அந்தப் பக்கம் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் சொன்னாள்: "இனிமே நான் அந்த வண்டில ஏற மாட்டேங்க. எங்கம்மா வூட்டுக்கு நான் பஸ்ல போய்க்கிறேன். நீங்க வேணா ஓட்டிகினு வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த விடுப்பன்று அவள் உண்மையாகவே பஸ் ஏறினாள். நான் வீம்புக்குக் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். டர்போ வைத்த வண்டி, கம்மாபுரம் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு, அது நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, பின்னாலேயே ஊர்ந்தது. கடைசி சீட்டில் அவள் தலை தெரிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த சீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவள் ஏறாத வண்டி எனக்கு எதற்கு, விற்றுவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அன்று ராத்திரி வீட்டில் அவள் சாப்பாட்டு மேஜையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். விற்கப் போகிறேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி என்னங்க பண்ணுச்சு? டயருதானே?"

"டயர் நல்ல ரப்பர்டி. நகமே இறங்கல."

அவள் பைக்குள் கைவிட்டு இரண்டு அழிரப்பர்களை எடுத்து என் முன் வைத்தாள், பிள்ளைகள் வகுப்பில் விட்டுவிட்டுப் போனவை. ஒரு தாளில் பென்சிலால் கிறுக்கி, "அழிங்க" என்றாள்.

முதல் ரப்பர் கல்லாக இருந்தது. தேய்த்தேன், தேய்த்தேன், தாளில் வழுக்கிக்கொண்டு ஓடியதே தவிர ஒரு கோடும் போகவில்லை. இரண்டாவது மெத்தென்று இருந்தது. இரண்டு இழுப்பில் தாள் சுத்தம். மேஜையெல்லாம் ரப்பர் துகள்.

"தேயறதுதாங்க ரப்பரு. தேயாதது எதயும் புடிக்காது. எனக்கும்தான் ரப்பர் தெரியும்."

என் இருபது வருட சர்வீஸை மூன்றாம் வகுப்பு அழிரப்பர் ஒரு நொடியில் காலி செய்தது. கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள், ஆனால் காரில் ஏறுகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் பாய் கடையில் போய் நின்றேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "பெல்ட்டு தேயக் கூடாதுங்க சார். டயரு தேயணும்" என்று மட்டும் சொன்னார். இந்த முறை ஒழுங்காக வாங்கினேன். அளவும், எந்த வேகம் வரை தாங்கும் என்று சொல்லும் எழுத்தும் கதவுச் சீட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று சொல்லும் நான்கு இலக்கத்தை நாலு டயரிலும் குனிந்து படித்தேன். ஒன்று மட்டும் பழசாக இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசு வரும்வரை காத்திருந்தேன். வெளிப்பக்கம் என்று எழுதிய பக்கம் வெளியேதான் இருக்கிறதா என்று மாட்டும்போது கூடவே நின்றேன். கடைசியாக நகத்தை வைத்தேன். நாலிலும் அழகாக இறங்கியது. கழற்றிய டயர்களை, நாள் முழுக்க நேர் ரோட்டில் நிதானமாக ஓடும் ஒரு டிராவல்ஸ் வண்டிக்கு ஆகும் என்று பாய் எடுத்துக்கொண்டார்.

"புது டயரு மேல ஒரு வழவழப்பு இருக்கும் சார். அது போற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க."

அதற்கென்ன, கம்மாபுரம் பஸ் இருக்கிறதே! இன்னும் மூன்று விடுப்புகள் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். இரண்டாவது வாரம் கடைசி சீட்டிலிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வாரம் கண்டக்டரே எனக்குக் கை காட்டினார்.

நாலாவது விடுப்பன்று சாயங்காலம் மழை பிடித்தது. அவள் குடையை எடுத்தாள். "வாங்க, டெஸ்ட் வெக்கறேன்."

அவள் ரவுண்டானா ஓரம் பஸ் நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்றுகொண்டாள். நான் அதே வளைவில், அன்று போன அதே வேகத்தில் வர வேண்டும். காலியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தேன். வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் திரும்பியது. அவள் முகம் மாறவில்லை, ஒரு விரலைச் சுழற்றி இன்னொரு முறை என்றாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை நான் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது, நான் நாலு வாரம் பின்தொடர்ந்த அதே பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். பஸ் கிளம்பிப் போனது.

நான் ஓரமாக நிறுத்தினேன். அவள் நடந்து வந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தாள். ஈர டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள்.

"இறங்குது. நல்லா மட்டமான ரப்பரா பாத்துதான் வாங்கியிருக்கீங்க."

முன்கதவைத் திறந்து, குடையை மடக்கி, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"என்ன பாத்துகினு இருக்கீங்க? எங்கம்மா வூட்டு பஸ் போவுது பாருங்க. புடிங்க."