ராகேல் வைத்த புள்ளி

என் தங்கை ராகேல் இதுவரை ஜெயித்தவை: ஒரு மிக்சி, இரண்டு குடை, ஒரு வெள்ளைச் சேவல், தனியாள் தூக்க முடியாத ஒரு பலாப்பழம், ஒரு மழைக்காலம் முழுவதற்கும் டி.வி. ரிமோட்.

மிக்சி, சபை ஆண்டுவிழாவில் கேரம் போட்டிக்குக் கிடைத்தது. எதிரே உட்கார்ந்தவன் காலேஜ் அணியில் ஆடுகிறவன். பவுடர் டப்பாவைத் தனியாக வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். இவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அது காயை எடுத்து வாயில் போடாமல் இடது கையால் தடுத்துக்கொண்டே ஆடினாள். குடைகளும் கேரமில் வந்தவைதான். பலாப்பழம் அறுப்பின் பண்டிகையில், பாம்பும் ஏணியும் ஆட்டத்தில். உச்சியில் இருக்கும் பெரிய பாம்பு இவளை இரண்டு முறை விழுங்கிய பிறகு. ரிமோட் அவள் கணவர் செல்வினிடமிருந்து, அவர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தபோது.

சேவலைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது பக்கத்து வீட்டு வைகுண்டராஜன் அண்ணனுடையது. லூடோவில் அவருடைய நாலு காயில் மூன்று வீடு சேர்ந்துவிட்டன. ராகேலின் காய் ஒன்றுகூட வெளியே இறங்கவில்லை. அந்த நேரத்தில் சேவலைப் பந்தயம் வைத்தது அவர்தான். பந்தயம் எங்கள் வீட்டில் கூடாது என்று ராகேல் சொல்லிப் பார்த்தாள். "பயந்துட்டியா மக்கா?" என்று அவர் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு சேவலை யாரும் காப்பாற்ற முடியாது.

மிக்சிக்கும் குடைகளுக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்று சபை அலுவலகத்தில் கையெழுத்து இருக்கிறது. அது என் கையெழுத்து. மேடையேறிப் பரிசு வாங்குகிறவள் ராகேல். கீழே நின்று கையெழுத்துப் போடுகிறவள் நான். அவளுக்கு எழுத வராது.

எங்கள் அப்பா அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்கு உபதேசியாராக இருந்தார். நாங்கள் பெண்கள் இருவர். ராகேலுக்குப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்தது. எழுத்துகள் அவள் கண்ணுக்கு நிற்பதில்லை. "எல்லாம் பேன் மாதிரி ஊருதுக்கா" என்பாள். எனக்கு ஊரவில்லை. நான் எட்டாம் வகுப்பு வரை போனேன், அதற்குள் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்துவிட்டது.

தாயக்கட்டை, பகடை, சீட்டுக்கட்டு மூன்றும் வீட்டு வாசல் ஏறக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். சிலுவையடியில் போர்ச்சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்காகச் சீட்டுப் போட்டது அவருக்கு நேற்று நடந்த மாதிரி. "சீஷர்களும் சீட்டுப் போட்டுத்தானே ஆளைத் தெரிஞ்செடுத்தாவ?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தார். "சேவகனுவ உருட்டியிருப்பானுவ. அவிய எடுத்திருப்பாவ. உருட்டுகதுதான் பாவம். எடுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு லூடோ வந்தது. ஆலயத்தில் அன்றைய பாட்டு எண்களை மாட்டுகிற பலகை இருக்குமே, அதைப் புதிதாக மாற்றியபோது பழைய தகரத் தகடுகளை அப்பா கொண்டுவந்தார். பெயிண்ட் உதிர்ந்து, எண்கள் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றன. ஒன்று முதல் ஆறு வரை எடுத்து ஒரு பையில் போட்டோம். உருட்டுவதற்குப் பதிலாக ஒன்றை எடுத்து, ஆடிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். பை, நான் தைத்தது. லூடோ பலகையும் நான் தைத்ததுதான்: நாலு நிற ஜாக்கெட் துண்டு, காய்களுக்குச் சட்டைப் பொத்தான். மஞ்சள் மட்டும் சாயம் போகும். அதை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன்.

ஆறு எண் தகட்டில்தான் சண்டை வந்தது. அதைத் தலைகீழாக மாட்டினால் ஒன்பது. ஆலயத்தில் இரண்டுக்கும் அதே தகடுதான்.

"ஒம்பது!" என்று ராகேல் காயைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

"ஏட்டி, லூடோவில ஏது ஒம்பது?"

"பைக்குள்ள இருந்துச்சே."

அப்பாவிடம் வழக்குப் போனது. "எடுத்தவளுக்கு எதிரே எப்படி நிக்குதோ, அதுதான் நம்பர்" என்றார். அன்றிலிருந்து ராகேலுக்கு ஆறு வேண்டும்போது ஆறும், ஒன்பது வேண்டும்போது ஒன்பதும் எதிரே நின்றன. பள்ளிக்கூடத்தில் ஆறையும் ஒன்பதையும் மாற்றிப் போட்டதற்காக அவளை முட்டி போட வைத்தார்கள். வீட்டில் அதே காரியத்துக்கு எங்கள் காய்கள் வெட்டுப்பட்டன.

பைக்குள் அவள் விரல் தடவித் தேடுகிறது என்று கண்டுபிடித்தவள் நான். ஒரு அல்லேலூயா சொல்லி முடிப்பதற்குள் கை வெளியே வர வேண்டும் என்று விதி போட்டேன். அவள் அல்லேலூயாவை இழுத்துச் சொல்லப் பழகிவிட்டாள்.

ராகேலுக்குக் கல்யாணம் ஆனது, ஜெப்சி பிறந்தாள், நான் அடுத்த தெருவிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மீன்குழம்பும் முடிந்தால் துணிப்பலகை விரியும். ஜெப்சி நர்சிங் படித்தாள், வேலைக்குப் போனாள், திருவட்டாற்றிலிருந்து ஜெபிஷ் என்கிற பையனைப் பேசி முடித்தோம். பையனுடைய அப்பா ரசலையன் சார், அம்மா ஷெர்லி டீச்சர். இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்கள்.

நிச்சயத்தன்று ரசலையன் சார் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "எங்க குடும்பத்தில ஒரு வழக்கம் உண்டு, கேட்டியளா? கல்யாண ரெஜிஸ்டர்ல சாட்சிக்கு ரெண்டு அம்மைமாருதான் ஒப்பு போடுவாவ. ஆம்பிளயளுக்கு அங்க ஜோலி கெடயாது."

"அதுக்கென்ன சார், போட்டுட்டா போச்சு" என்று ராகேல் சிரித்தாள். அவர்கள் வேன் தெருமுனை திரும்பியதும் கட்டிலில் விழுந்தாள்.

"ரெண்டு வாத்தியாருக்க மின்னால நான் பெருவிரல மையில முக்கணுமா? எனக்க பிள்ளை அந்த வீட்டுல எப்படி நிமுந்து நடப்பா?"

"உள்ளதச் சொல்லிருவோம்மா" என்றாள் ஜெப்சி.

"தாலிகெட்டு முடியட்டு. பொறவு சொல்லு."

மறுநாளே திட்டம் தயார். கல்யாணத்துக்கு முந்தின நாள் வலது கையில் கட்டு. தேங்காய் திருவும்போது வெட்டிவிட்டது. பாவம், பேனா பிடிக்க முடியாது, இடது பெருவிரலை வைக்கட்டும். நான் மல் துணியில் கட்டுக்கு அளவெடுத்து, வெட்டி, பிசிறு தெரியாமல் ஓரமும் அடித்துக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்து ஒத்திகை பார்த்தாள். ஜெப்சி, நர்ஸ் அல்லவா, "காயத்துக்குக் கட்டுன கட்டு மாதிரி இல்ல. ரவிக்கை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அழைப்பிதழ் மாதிரியைப் பார்த்து முடிவு செய்ய நானும் ராகேலும் திருவட்டாறு போனோம். ஷெர்லி டீச்சர் அட்டையை ராகேலின் கையில் கொடுத்தார். அவள் அதைத் தடவி, "அட்டை நல்ல கனம்" என்று சொல்லி என்னிடம் நீட்டினாள். "அக்கா கண்ணாடி போட்டிருக்கா, அவ பாக்கட்டு."

அதோடு தப்பித்தோம் என்று நினைத்தேன். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து ரசலையன் சார் ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தார். "எங்க வீட்டு விளையாட்டு. நானே செஞ்சது."

பலாமரத் துண்டுகளில் எழுத்துகளைக் குழித்துச் செதுக்கியிருந்தார். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கட்டைகள். பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வேண்டாததைப் பையில் திரும்பப் போடலாம். முதலில் ஒரு சொல்லைச் சேர்ப்பவருக்கு அந்த ஆட்டம். ராகேல் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

நல்லவேளை, ஜோடி ஆட்டம். ஷெர்லி டீச்சரும் ஜெபிஷும் ஒரு ஜோடி, நாங்கள் ஒரு ஜோடி. ரசலையன் சார் தனி. "எனக்கு ஆள் வேண்டாம்" என்றார்.

கட்டைகளை எடுப்பது ராகேல், சேர்ப்பது நான் என்று வைத்துக்கொண்டோம். எங்கள் கையில் 'வ'வும் 'ட'வும் வந்தன. இணைக்கொம்பு ஒன்று கிடைத்தால் வடை. எனக்கு என்ன தோன்றியதோ, மேசைக்கடியில் அவள் உள்ளங்கையில் விரலால் அந்தக் கொம்பை வரைந்தேன். ராகேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பைக்குள் கையை விட்டாள். ஒரு நீண்ட அல்லேலூயா நேரம். கொம்போடு வெளியே வந்தாள்.

"வடை!" என்றேன் நான். ஆலயத்தில்கூட அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

அடுத்த சொல்லும் எங்களுக்கு. அதற்கடுத்ததும். "சம்பந்தி, பைக்குள்ள கண்ணு வச்சிருக்கியளா?" என்று கேட்டு ரசலையன் சார் அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எடுக்கச் சொன்னார். அப்படியும் எடுத்தாள். ஷெர்லி டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இந்த மனுசனுக்க மொகம் இப்பிடி ஆகி இப்பத்தான் பாக்கேன்."

"செரி, இனி ஒத்தைக்கு ஒத்தை" என்றார் சார். "கடைசி ஆட்டம். நானும் சம்பந்தியும்."

என்னை மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். ராகேல் கட்டைகளை எடுத்து எதிரே வைத்தாள். பார்த்தாள். ஒன்றைத் திருப்பி வைத்தாள். அது முதலில் சரியாகத்தான் இருந்தது. எழுத்துகள் ஊர்கின்றன என்று எனக்குப் புரிந்தது. ரசலையன் சார் 'தவளை' என்று சேர்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தோத்தாலும் கொள்ளாம் சம்பந்தி" என்றார். தோற்றாலும் நன்றாகத்தான் ஆடினீர்கள் என்று நல்ல மனதோடுதான் சொன்னார்.

பஸ் அழகியமண்டபம் தாண்டியது. "தோத்தாலும் கொள்ளாமாம்" என்றாள் ராகேல்.

"விடு. பெரிய மனுசரு."

"தவளையாம்." டிக்கெட்டை விரலால் தடவிக்கொண்டே, "அக்கா, கைக்குத் தெரியுது. கண்ணுக்குத்தான் தெரியல்ல. அப்பம் கண்ணு என்னத்துக்கு?" என்றாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கட்டுத் துணியை எடுத்தேன். தடித்த சிவப்பு நூலில், சங்கிலித் தையலில், நன்றாகப் புடைக்கும்படி 'ராகேல்' என்று போட்டுக் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் அதன்மேல் போய்ப்போய் வந்தாள். பிறகு முறுக்கு மாவைத் தாம்பாளத்தில் பரப்பி அதில் எழுதினாள். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்த்த செல்வின், "என்னட்டி மாவுல மண்புழு விட்டிருக்க?" என்று கேட்டார்.

இரட்டைக்கொம்பு அவளை நிறைய நாள் விழுங்கியது. 'க'வுக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் நிற்கும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெயரையே லூடோப் பலகை ஆக்கிவிட்டாள். "ர, காய் எறங்குத எடம். கால், நேரா ஒரு ஓட்டம். கொம்பு, பாம்பு, அத மொதல்லயே தாண்டிரணும். க, வெட்டு. ல, வீட்டு வாசல். மேல புள்ளி வச்சா பழம்."

காய் வீடு சேர்ந்தால் எங்கள் பக்கம் பழம் என்றுதான் சொல்வோம். பழம் என்று சத்தமாகச் சொல்லாவிட்டால் காய் சேர்ந்ததாகக் கணக்கில்லை. அதுவும் அப்பா போட்ட விதி.

மாவிலிருந்து பேனாவுக்கு வந்தாள். கண்ணைத் திறந்து எழுதினால் கோணும். மூடினால் நேராக வரும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தச் சிவப்பு நூல் துணியை மடித்து என் கைப்பையில் வைத்தாள். "சரிப்படல்லன்னா கட்டிருவோம்."

"பேரு போட்ட துணியையா?"

"உள்பக்கமா திருப்பிக் கட்டு."

ஆலயத்தில் தாலி கட்டி முடிந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் ரெஜிஸ்டரை விரித்தார்கள். ஷெர்லி டீச்சர் பார்க்காமலேயே ஒரு கோடு இழுத்துப் புள்ளி வைத்தார். போதகர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த கல்யாணம் இருந்தது. ரெஜிஸ்டரைத் திருப்பாமல் அப்படியே ராகேல் பக்கம் தள்ளி, விரலை வைத்து, "இங்கன போடுங்கம்மா" என்றார்.

எல்லாம் தலைகீழாக இருந்தது. என் கை பைக்குள் துணியைத் தேடியது. ரசலையன் சார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராகேல் ரெஜிஸ்டரின் ஓரத்தைப் பிடித்துச் சுற்றித் தன் பக்கம் திருப்பினாள். "எடுத்தவளுக்கு எதிரே நிக்கணும் ஐயா" என்றாள். போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையாட்டினார்.

பேனா முனையை வெற்றுக் கோட்டில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

ஷெர்லி டீச்சர், சம்பந்தி ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துத் தலை குனிந்தார். அதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் குனிந்தார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் ஆட்கள். போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். பேனா மட்டும் நகர்ந்தது: இறங்கியது, ஓடியது, பாம்பைத் தாண்டியது, வெட்டியது, வாசலில் ஏறி நின்றது. ஒரு புள்ளி.

"பழம்!" என்றாள் ராகேல்.

பின்வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள்.

குனிந்த தலைகள் நிமிர்ந்தன. ரசலையன் சார் என் பக்கம் சாய்ந்து, "என்ன பழம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க குடும்பத்துல ஒரு வழக்கம், சார்" என்றேன்.

பேனா கசிந்து ராகேலின் விரலில் மை பட்டிருந்தது. என் பையிலிருந்த துணியை வாங்கித் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "சார், அந்தக் கட்டையள பத்திரமா வச்சிருங்க. மறுவீட்டுக்கு வாரப்போ நாம ஒத்தைக்கு ஒத்தை ஆடணும்."

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதிக்கு இடம் விட்டிருந்தார்கள். அதை மட்டும் நான் எழுதினேன்: 2025 மே 12, திங்கட்கிழமை.