கொசுவலைக்குள் ஏற்றிய கற்பூரம்

ஊரார் சிரிப்பார்களே என்று பல வருஷம் தயங்கி இப்போதுதான் எழுதுகிறேன். கதிர்காமம் போகும் வழியில் கொழும்பில் தங்கினோம். கப்பலில் வாந்தியெடுத்துத் துவண்டிருந்த என் மனைவி, "சத்திரமே போதுமுங்க" என்றாள். அவள் மெத்தையில் படுக்கட்டுமென்று நான்தான் கடற்கரையோரப் பெரிய ஓட்டலைப் பிடித்தேன்.

புது இடத்தில் முதலில் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். காற்றில் சுடர் நிற்காததால், அவள் கண்ணயர்ந்திருந்த கொசுவலைக்குள்ளேயே ஏற்றினேன். வலை பற்றிக்கொண்டது. "முருகா!" என்று அலறினேன். ஓட்டல் பணியாள் காதர் ஓடிவந்து வலையைப் பிடுங்கி மிதித்தார். அவளுக்கு ஒரு முடிகூடக் கருகவில்லை.

"அப்பவே சத்திரம்னு சொன்னேனுங்க" என்று அழுதாள்.

"ஓட்டல் மேல பழி போடாதீங்க அம்மா, கொளுத்தினது ஐயாதான்" என்று சிரித்த காதர், காற்றுப் படாத மூலையைத் துடைத்து, "இங்க ஏத்துங்க" என்றார்.

இப்போதெல்லாம் எங்கே தங்கினாலும், மெத்தையைப் பார்க்குமுன் கற்பூரம் ஏற்ற இடம் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். காதரின் பெயரையும் சேர்த்து.