தம்பிக்குத் திக்காத மொழி

பச்சை ஏலக்காயை உலர்த்தும்போது முதலில் வருவது மணமல்ல. அவித்த புல்லைப் போல நெடியடிக்கும், கண்ணைக் கரிக்கிற ஓர் ஈர ஆவிதான் முதலில் கிளம்பும். அடுப்பின் சூடு இரும்புக் குழாய்கள் வழியே அறைக்குள் ஓடி, கம்பி வலைத் தட்டுகளில் பரப்பிய காய்கள் தண்ணீரை விட்டுச் சுருங்கத் தொடங்கிய பிறகுதான், உலகம் ஆசைப்படும் அந்த வாசனை எழும். எங்கள் தோட்டத்தில் அந்தக் கட்டடத்துக்கு "ஸ்டோர்" என்று பெயர். அதன் அடுப்பைப் பார்த்துக்கொள்வது என் அய்யாவின் வேலை. ஸ்டோரை ஒட்டி, காய்ந்த காயைப் புடைத்து மூட்டை கட்டுவதற்காகச் சிமென்ட் தரை போட்ட ஓர் அறை இருந்தது. உடும்பஞ்சோலைப் பக்கம் ஆனி ஆடியில் விடாமல் இறங்கும் "நூல்மழை"யில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் சுவரெல்லாம் ஊறிக் கிடக்க, அந்த அறை மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். நான் ஆங்கிலம் கற்றது அங்கேதான். கற்றது என்று இப்போது சொல்கிறேனே தவிர, அன்று எங்களுக்கு அது விளையாட்டு. அதற்கு வேறு பெயர் உண்டென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பம் கம்பத்திலிருந்து மலையேறி வந்தது. அய்யாவுக்கு ஸ்டோர், ஆத்தாவுக்குக் காய் எடுப்பு. எனக்கு ஒன்பது வயது இருக்கும். தம்பி செல்லையாவுக்கு ஏழு. அவனுக்குத் திக்குவாய். ஒரு சொல்லின் முதலெழுத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பூட்டிய கதவை முட்டுகிறவனைப் போல அந்த எழுத்தையே முட்டிக்கொண்டு நிற்பான். ஆத்தா வசம்பைச் சுட்டு அவன் நாக்கில் தேய்த்தாள். மலையிறங்கிப் போய்க் கோயிலில் மணி கட்டினாள். "விடுடா அய்யா, வார்த்தைய விட்ருடா" என்று முதுகைத் தட்டித் தட்டி அழுதாள். லயத்துப் பிள்ளைகள் அவனுக்குத் "தந்தி" என்று பட்டம் வைத்தார்கள். கட்டுக் கட்டென்று தந்தி அடிக்கிறானாம். எல்லாச் சொல்லையும்விட அவனை அதிகம் வதைத்த சொல் "ஆத்தா" என்பதுதான். கடைசியில் அவன் பேசுவதையே விட்டுவிட்டான். தாகமெடுத்தால் பானையைக் காட்டுவான். பசித்தால் என் பாவாடையைப் பிடித்து இழுப்பான்.

மழைக்கு முன்பாகத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுவதற்குப் புதிதாக ஒரு "ரைட்டர்" வந்தார். அவருடைய மனைவிதான் சரசு அக்கா. பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்து நெல்வயல்களுக்கு நடுவே பிறந்து, பத்தாவது வரை படித்து, கல்யாணமான சூட்டோடு இந்தக் குளிருக்குள் கொண்டுவந்து விடப்பட்டவர். இருபது வயதுகூட நிறைந்திருக்காது. வீட்டை "ஊடு" என்பார். எங்களைப் போன்ற வாண்டுகளையும் "வாங்க கண்ணு, போங்க கண்ணு" என்று மரியாதை கொடுத்து அழைப்பார். அதைக் கேட்டுக் கேட்டு நாங்கள் சிரிப்போம். கணவர் ஆபீசுக்குப் போய்விட்டால் அவருக்குப் பேச ஆள் கிடையாது. அட்டைப்பூச்சிக்குப் பயந்து வாசலில்கூட இறங்காமல் இருந்தவர், ஒருநாள் ஸ்டோர் அறையில் நாங்கள் பாண்டி ஆடும் கூச்சலைக் கேட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு நொண்டியடிக்க வந்துவிட்டார்.

மறுநாள் பாண்டிக் கட்டங்களுக்குள் அடுப்புக்கரியால் ஆங்கில எழுத்துகள் முளைத்திருந்தன. சில்லு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்த எழுத்தைக் கத்திச் சொன்னால்தான் காலெடுத்து வைக்கலாம். பிறகு கடை விளையாட்டு வந்தது. ஏல இலையும் கூழாங்கல்லும் சரக்கு, "வாட் டு யூ வாண்ட்?" என்று கடைக்காரர் கேட்க வேண்டும், "ஐ வாண்ட் எ ஸ்டோன்" என்று வாங்க வந்தவர் சொல்ல வேண்டும், தமிழில் கேட்டால் கடை சாத்தப்படும். சாக்குக்குள் கையைவிட்டு உள்ளே இருக்கும் பொருளைத் தடவிப் பார்த்துச் சொல்லும் ஆட்டம் ஒன்று. அவர் எந்தச் சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் சொன்னதில்லை. "ஜம்ப்" என்றால் குதித்துக் காட்டுவார். "ஸ்லீப்" என்றால் மூட்டைமேல் சாய்ந்து குறட்டை விடுவார். தோற்கப் போகிறார் என்று தெரிந்தால் கள்ளாட்டமும் ஆடுவார்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது "ப்ளீஸ்" ஆட்டம். நடுவில் ஒருவர் ராஜாவாக நின்று கட்டளை இட வேண்டும். "ப்ளீஸ் சிட் டவுன்" என்றால் உட்கார வேண்டும். வெறுமனே "சிட் டவுன்" என்றால் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவரின் தலையில் ராஜா ஒரு குட்டு வைத்து, "யூ ஆர் கான்!" என்று கோட்டுக்கு வெளியே தள்ளிவிடுவார். "கான்" என்றால் போயாயிற்று, இனி இந்த ஆட்டத்தில் இல்லை என்பது எங்களில் மிகச் சிறியவனுக்கும் தெரியும்.

செல்லையா பல நாள் ஓரமாக உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜாவாக இருந்தவன் ஏதோ சண்டையில் கோபித்துக்கொண்டு போய்விட்ட ஒரு மத்தியானம், சரசு அக்கா அவன் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். "தந்தி ராஜாவாம்!" என்று ஒருத்தி சிரித்தாள். அவன் கண்ணை மூடவில்லை, நரம்பும் புடைக்கவில்லை. "ப்ளீஸ் ஸ்டாண்ட் அப்" என்றான். மணி அடித்தாற்போல இருந்தது.  அத்தனை பேரும் எழுந்து நின்றோம். "ப்ளீஸ் ஜம்ப்" என்றான். குதித்தோம். சொல்லச் சொல்ல அவன் முகம் சிவந்துகொண்டே வந்தது. சத்தம் கேட்டுக் கரி படிந்த கையோடு அய்யா வாசலுக்கு வந்து நின்றார். தம்பி அவரையும் பார்த்து, "ப்ளீஸ் சிட் டவுன்" என்றான். தோட்டமே பயந்து பேசும் என் அய்யா, சொன்ன இடத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"எப்படித் தாயி இது? எங்க பேச்சுல வராதது இதுல எப்படி வருது?" என்று அவர் கேட்டபோது சரசு அக்கா சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "இந்தப் பாஷைல அவனைப் பார்த்து இன்னும் யாரும் சிரிக்கலீங்க. அதனால பயமில்லீங்க."

அன்று முதல் அய்யாவுக்கு ஒரே கனவு. அடுத்த ஜூனில் மகனைக் கம்பத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், ஆங்கிலம் பேசும் பிள்ளையைப் பார்த்து வாத்தியார்கள் வாயடைத்துப் போக வேண்டும். ஆத்தாவால் அப்படி மகிழ முடியவில்லை. ஒருநாள் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காலில் ஏறிய அட்டைகளுக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். செல்லையா அவளுக்குப் பின்னால் வந்து நின்று "மதர்" என்றான். அவள் திரும்பவில்லை. "மதர்" என்று இன்னொரு முறை கூப்பிட்டான். "அது யாருடா மதரு? நான் ஒன் ஆத்தாடா. என்னைய ஆத்தான்னு கூப்புடுடா" என்றாள். அவன் கண்ணை மூடினான். "ஆ, ஆ, ஆ" என்று முட்டினான். முடியவில்லை. கடைசியில் அவளே அவன் வாயைப் பொத்தி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு, ஸ்டோரில் காயை இறக்க வரும்போதெல்லாம் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடி முடிவதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் கொடுத்த கசப்பு மருந்தில் ஒருநாள் தணிந்தது. மறுநாள் இருமடங்காக ஏறியது. கண் செருகத் தொடங்கியதும் கம்பத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஏலமூட்டை ஏற்றிய லாரி ஒன்றுதான் கிடைத்தது. மூட்டைகளின்மேல் தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு ஆத்தா அவனை மடியில் கிடத்திக்கொள்ள, அய்யா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொள்ள, என்னை விட்டுவிட்டு வர இடமில்லாததால் நானும் ஏறிக்கொண்டேன். சரசு அக்கா மழையில் ஓடிவந்து தன் கம்பளியை மேலே வீசினார்.

கம்பம்மெட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியபோது மழை நின்று, கீழே சமவெளி வெயிலில் பளபளத்தது. ஆத்தா அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் முழிக்கவில்லை. எத்தனையோ செல்லப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவைத்திருந்ததை எடுத்தாள்.

"பிளீசு டாண்டப்பு" என்றாள். "ஏ அய்யா, பிளீசு டாண்டப்பு."

செல்லையா கண்ணைத் திறந்தான். எழ முயல்பவனைப் போலத் தோளைக்கூட அசைத்தான். அவளைப் பார்த்து அவன் உதடு விரிந்தது. அவள் சொன்ன விதம் அவனுக்குச் சிரிப்பை மூட்டியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த தைரியத்தில் அவள் மலை இறங்கி முடியும்வரை "பிளீசு சம்பு", "பிளீசு சிட்டவுனு" என்று தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் அவன் மறுபடி கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை வாங்கி மேசைமேல் கிடத்தினார்கள். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் குனிந்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்ததும் எங்கள் பக்கம் பார்க்காமல் நர்சிடம் தணிந்த குரலில் சொன்னார். எங்களுக்குப் புரியாது என்று எண்ணித்தான் அந்த மொழியில் சொல்லியிருப்பார். அவரைக் குறைசொல்ல எனக்கு எதுவுமில்லை.

"ஹி இஸ் கான்" என்றார்.

அய்யாவுக்குப் புரியவில்லை. ஆத்தாவுக்குப் புரியவில்லை. அந்த அறையில் எனக்குப் புரிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரு என்ன சொல்றாக தாயி? ஒனக்குத்தான் தெரியுமே, சொல்லு தாயி" என்று கேட்டாள். அவள் குரலில் அப்போதும் நம்பிக்கை இருந்தது. என் தம்பி இறந்துவிட்டதை என் தாய்க்கு நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

காரியம் முடிந்து மலைக்குத் திரும்பியபோது சரசு அக்கா எங்கள் லயத்து வாசலுக்கு வந்து நின்றார். "அக்கா" என்று ஆத்தாவைக் கூப்பிட்டார். ஆத்தா உள்ளே இருந்தபடியே, "போயிருங்கம்மா. ஆத்தான்னு ஒரு வாட்டி கூப்புடாமப் போயிட்டான் எம் பிள்ளை. அந்த ஒரு வார்த்தையும் வரவிடாம ஒங்க வெளையாட்டு மறிச்சிருச்சு. போயிருங்க" என்றாள். அது நியாயமல்ல என்று அய்யாவுக்குத் தெரியும். ஆனாலும் அப்படி ஒரு நாளில் யாரால் யாருக்கு நியாயம் சொல்ல முடியும்? காய் எடுப்பு முடியும் முன்பே ரைட்டர் வேலையை விட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார். போகும்போது சரசு அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஸ்டோர் அறையின் கரிக் கட்டங்கள் நாள்பட்டு மூட்டைகளின் உராய்வில் தானாக அழிந்தன.

ஜூனில் அய்யா என்னைக் கம்பத்துப் பள்ளியில் சேர்த்தார். படித்து நர்சாகி, வேலைக் காலம் முழுவதையும் ஆஸ்பத்திரிகளிலேயே கழித்தேன். ஒருவருடைய மூச்சு நின்றுவிட்டால், டாக்டர் என்னிடம் எந்த மொழியில் சொன்னாலும், பெற்றவர்களிடம் நான் அவர்களுடைய மொழியில், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வேன். தமிழ்க்காரர்களுக்குத் தமிழில், மலையாளிகளுக்கு மலையாளத்தில்.

ஆத்தா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். பாலக்காட்டுப் பக்கத்து ஆள் என்று யாரைக் கண்டாலும், "சித்தூருப் பக்கம் சரசுன்னு ஒரு பொண்ணு, ரைட்டரு சம்சாரம், தெரியுமாய்யா?" என்று கேட்பாள். எதற்குத் தேடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் தாயி. அவ மட்டும் இல்லேன்னா எம் மகன் பேசி நான் கேட்டிருக்க முடியுமா?" என்றாள். நான் கடிதம் எழுதியும் ஆள் விட்டும் தேடினேன். கிடைக்கவில்லை. சொல்ல நினைத்த வார்த்தையைச் சொல்லாமலே ஆத்தாவும் போய்ச் சேர்ந்தாள்.

போன வருஷம் மகனோடு அந்தப் பக்கம் போனேன். தோட்டம் துண்டு துண்டாகக் கைமாறிவிட்டது. ஸ்டோர் நின்ற மேட்டில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு விடுதி இருக்கிறது; லயம் இருந்த சரிவில் அடித்தளக் கற்கள்கூட இல்லை. செல்லையாவைப் படம் எடுத்தவர்கள் யாருமில்லை. அவனுடைய குரலைக் கேட்டவர்களில் அய்யாவும் ஆத்தாவும் இல்லை. லயத்துப் பிள்ளைகள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். சரசு அக்கா இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. "மாமா குரல் எப்படிம்மா இருக்கும்?" என்று மகன் கேட்டான். "ப்ளீஸ் ஸ்டாண்ட் அப்" என்று அவனைப் போலவே சொல்லிக் காட்ட வாயெடுத்தேன். எனக்கு வந்தது ஒரு கிழவியின் குரல்தான்.