மாதண்ணன் பார்த்துவிட்ட நூல்

ஓசூரில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஸ்கூட்டரில் சிக்கி நின்றபோது அஞ்செட்டியிலிருந்து போன் வந்தது. "மாதண்ணன் போயிட்டாரு மேடம். நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவரு எழுந்திரிக்கல." பின்னால் ஹாரன் அடித்தவனைத் திரும்பிக் கன்னாபின்னாவென்று திட்டினேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

வேட்டைத் தடுப்புக் காவலர் மாதப்பனோடு காட்டில் நடந்த உங்களுக்கெல்லாம் அவர் வாய் தெரியும். வனக்காப்பாளராக நான் சேர்ந்த முதல் வாரமே, "மேடம், உங்க பூட்ஸ் சத்தத்துக்குக் கர்நாடகாவுல தூங்குற யானையும் முழிச்சிக்கும்" என்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது ராகி அறுவடைக் காலம். ஒரு மத்தியானம், குட்டைக்குப் போகிற யானைத் தடத்தில் நூல் சுற்றிய ராகி மாவு உருண்டை ஒன்று கிடந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய். உள்ளே வெடிமருந்து, கடித்தால் வாய் சிதறிவிடும். என் புத்திக்கு, எடுத்து ஓரமாக வைக்கலாமென்று குனிந்தேன். "கை வைக்காதீங்க மேடம்!" என்று மாதண்ணன் என் பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் மல்லாந்து விழுந்தேன். அழுத்தினாலே வெடிக்குமாம்.

எழுவதற்குள் மேலே மூங்கில் முறிகிற சத்தம். குட்டியோடு ஒரு கூட்டம் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பட்டாசு போட்டால் மிரண்டு எந்தப் பக்கம் ஓடுமோ தெரியாது. மாதண்ணன் ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றுப் பார்த்தார். காற்று யானைகள் பக்கம் போனது. என்னைப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வியர்வையில் ஊறிய சட்டையைக் கழற்றிக் கையில் விரித்துப் பிடித்தபடி, உருண்டைக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். மனுஷ வாடை தெரிந்தால் அவை விலகும் என்று கணக்கு. தாய் யானை நின்றது, துதிக்கையைத் தூக்கியது. குட்டி நிற்கவில்லை. உருண்டையை நோக்கி விடுவிடுவென்று வந்தது. பத்தடி இருக்கும்போது தாய் பிளிறியது. குட்டி திரும்பி ஓடியது. கூட்டம் ஓடைப் பக்கமாக இறங்கிப் போய்விட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரோ உருண்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா?"

"இந்தப் பச்சை நூலு, என் சம்சாரம் கம்பெனியிலருந்து கொண்டாந்தது மேடம். சுத்தியிருக்கிற சுத்தும் என் மச்சானோடது."

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன்.

"விடுங்கண்ணா. நான் நூலைப் பார்க்கவே இல்லை" என்றேன்.

"நீங்க பார்க்கலைன்னா சரி மேடம். நான் பார்த்துட்டனே."

வெடிகுண்டு நிபுணர்கள் வரும்வரை அங்கேயே காவல் இருந்தார். பிறகு நேரே ரேஞ்சரிடம் போய்த் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மச்சான் ஜெயிலுக்குப் போனான். மனைவி ஒரு வருஷம் சோறு போட்டார், பேச்சு இல்லை.

நேற்று உடலை எடுப்பதற்கு முன்னால் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீயாவது தடுத்திருக்கக் கூடாதா?"

"தடுத்தேங்க்கா. கேட்கலையே."

"அந்த மனுஷன் யார் பேச்சைக் கேட்டாரு" என்று அழுதார்.

அன்று அவர் சரியென்று தலையாட்டியிருந்தால் நானும் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டு, இதே யூனிஃபார்மில் திரிந்திருப்பேன். அடுத்த உருண்டையை அந்தக் குட்டியே கடித்திருக்கும். என் பேச்சைக் கேட்காதவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். மாதண்ணன் ஒருவரைத்தான் அதற்காகவே கும்பிடுகிறேன்.